கேட்பாரற்ற பெண் குட்டிகள்

தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் அடுத்தடுத்துப் பிறப்பித்த ஆணைகளை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகஸ்ட் 11 அன்று, தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்றது இரு நீதிபதிகள் அமர்வு. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டபின், பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி மற்றோர் ஆணை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தரப்பு மகிழ்ந்தது, மறு தரப்பு கொதித்தது.

இந்த இரைச்சலில் ஆகஸ்ட் 22 ஆணையின் ஒரு பகுதியைப் பலரும் கவனிக்கவில்லை. விலங்குகள்மீது அன்புள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம். ஆனால் தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. காப்பகங்கள் நடத்தும் தத்தெடுப்பு முகாம்களின் சாரமே இதுதான்.

நம் பங்கு இளையோர் சிலர் இத்தகைய முகாம்களில் தன்னார்வலர்களாக உதவி வருகின்றனர். "மனுசனுக்கே சோறில்லை, நாய்க்கு முகாமா ஃபாதர்?" என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2418ஆம் எண்ணில் இரு பக்கமும் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குக் கொட்டுவதும் தகாது என்கிறது.

நாய்க்குப் பயப்படுகிறவரை இரக்கமற்றவர் என்று சொல்லிவிடவும் கூடாது. ராயபுரத்தில் 2023 நவம்பரில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கடித்தது; அதற்கு ரேபிஸ் இருந்தது பின்னர் தெரியவந்தது. நோய்க்குறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. உலகின் ரேபிஸ் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கடிபட்டால் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் அரைத்துப் பூசுவதை நம் வீடுகளில் இன்னும் விடவில்லை.

சென்னையில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். ஒரு முகாமில் வீடு கிடைப்பவை மிஞ்சிப்போனால் சில டஜன். எனவே முகாம் நடத்தித் தெருவைக் காலி செய்துவிடலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். அதற்குக் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவது அறுபடும் என்கின்றனர் வல்லுநர். அப்படியானால் முகாமுக்கு ஏன் போக வேண்டும்?

அங்கே பதிவு மேசை என்று ஒன்று இருக்கிறது. குட்டிகளுக்குத் தண்ணீர் வைப்பது, கூண்டு துடைப்பது எல்லாம் எளிய வேலை. மேசையில் உட்காருவதுதான் கடினம். சொந்த வீடா, வாடகையா? வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா? கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்? பிள்ளை அழுகிறான் என்பதற்காகக் குட்டியை வாங்க வந்த தகப்பனிடம், "வீட்டு ஓனரிடம் பேசிவிட்டு வாங்க அண்ணே" என்று நம் பங்கைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி சொன்னதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்று நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாதத்தில் அவிழ்த்து விடப்படும் நாயும் தெருநாய்தானே?

அந்த மேசையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஆண் குட்டி இருக்கா?" என்பது. மாலையில் மிஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் பெண் குட்டிகளே. அவற்றோடு, வளர்ந்த நாய்களும் காலொடிந்தவையும். பெண் என்றால் குட்டி போட்டுவிடுமாம். ஒரே ஓர் அறுவைச் சிகிச்சையில் தீர்கிற கவலை இது. பெண் சிசுக்களுக்காக 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. மனிதரையும் விலங்கையும் ஒன்றாக்கிப் பேசவில்லை, ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. நம் ஆலயச் சுவரோரம் இரவில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். அவற்றிலும் பெண் குட்டிகளே அதிகம். பால்குடி மறவாத அவற்றில் பாதி பிழைப்பதில்லை. வைத்துவிட்டுப் போகிறவர்கள் வேற்றூரார் அல்லர்.

முகாம் நாளில் இளையோர் கூட்டமாக வருகின்றனர். படமும் எடுத்துக்கொள்கின்றனர், எடுக்கட்டும். அதன்பின் தத்தெடுத்த வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, தடுப்பூசி போட்டாயிற்றா, ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்தார்களா என்று விசாரிக்க ஒருவர் இருவரே மிஞ்சுகின்றனர். ஆகவே இம்முறை நம் இளையோர் குழு இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது: ஒன்று முகாம் நாளுக்கு, மற்றொன்று அதன் பிறகான ஆறு மாதங்களுக்கு. முதல் பட்டியல் நிரம்பிவிட்டது. இரண்டாவதற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்களைப் பார்க்கலாம். நாயை மருத்துவரிடம் ஏற்றிச் செல்லச் சம்மதிக்கும் ஆட்டோ ஓட்டுநர்கள் இருவராவது தேவைப்படுகின்றனர்.