காரைக்குடியில் காரை எங்கே?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் என் வகுப்பில் உண்டு. அவர்களுள் சிலரோடு அண்மையில் குன்றக்குடி மலையடிவாரத்தில் நடந்தேன். முள்ளடர்ந்த ஒரு புதரைக் காட்டி, இதன் பெயர் என்ன என்றேன். "முள்ளுச்செடி ஐயா" என்றார் ஒருவர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி சிரித்துவிட்டார். "காரைக்குடிப் பிள்ளைகளுக்குக் காரையத் தெரியலையா தம்பி?" என்று என்னைத்தான் கேட்டார். பிறகு சூரை, இசங்கு, குமிழ், ஆவாரை என ஒவ்வொன்றாகக் காட்டினார். உசிலை இலையை இடித்துத் தலைமுழுகுவதையும் சொன்னார்.

அச்சிரிப்புக்குத் தமிழாசிரியனாகிய நானும் பொறுப்பு. செடிகளை நாம் சொற்களாக மட்டுமே கற்பிக்கிறோம். உரையில் 'ஒருவகை மரம்' என்றிருந்தால் தேர்விலும் அதையே எழுதச் சொல்கிறோம். அம்மரத்தை அறிந்தவர் எவருமில்லை என்பதற்கான இரங்கற்குறிப்பு அது என்று நமக்கு உறைப்பதில்லை.

இவ்வறண்ட செம்மண் சீமையில் ஊர்ப்பெயர்களே அகராதி. காரைக்குடியில் காரை இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில் ஊர்களுள் இலுப்பைக்குடியில் இலுப்பையும் வேலங்குடியில் வேலமும் ஒலிக்கின்றன. கோயில்களுக்குக் குடமுழுக்கு நடக்கிறது. செடிகளோ வெட்டுப்படுகின்றன; அவ்விடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. அது கடல்கடந்து வந்தது என்பதைச் 'சீமை' என்ற முன்னொட்டிலேயே பதிந்து வைத்தவர்கள் நம் மக்கள்.

தாவரவியல் பெயர் இருக்க நாட்டுப்பெயர் எதற்கு என்பர் சிலர். இசங்கையே சிலர் சங்கஞ்செடி என்பதால் குழப்பம் வரும் என்பதும் உண்மைதான். ஆயின் அறிவியலும் இப்பெயர்களிடம் கடன்பட்டதே. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' தொகுதிகள் செடிகளை மலையாளப் பெயர்களோடு பதிவுசெய்தன. அவற்றுள் ஒன்றான 'கண்டன்காரை'யே பின்னர் 'கான்தியம்' என்ற இலத்தீன் பேரினப் பெயராயிற்று. நம் மாணவர் 'முள்ளுச்செடி' என்றாரே, அந்தக் காரைதான் அது.

குறிஞ்சிப்பாட்டுக்குரிய பாடவேளைகளில் ஒன்றையேனும் குன்றடியில் நடத்துவோம். செடியின் ஒளிப்படம், வழங்குபெயர், பயன், சொன்னவரின் ஊர், தாவரவியல் பெயர் ஆகியவற்றை மாணவர்கள் குறித்து வரட்டும். அம்மூதாட்டி இருக்கும்வரைதான் அது காரை. நாம் கேட்டு எழுதாவிட்டால், நாளைய உரையாசிரியர் 'ஒருவகைச் செடி' என்று முடித்துவிடுவார்.