பதவி நீங்குவோர் கடமை

பதவி ஒருவருக்குச் சில காலம் உரியதாயிருக்கலாம். அப்பதவியிலிருந்து எழுதிய ஏடு அவருக்கு ஒருபோதும் உரியதன்று. இவ்வுண்மை மிக எளியது. ஆயினும் இதனை நிலைநாட்ட வல்லரசு ஒன்றுக்கே சட்டம் தேவைப்பட்டது.

அமெரிக்க ஜனாதிபதிகள் பதவி நீங்குங்கால், தம் காலத்துக் கடிதங்களையும் குறிப்புகளையும் சொந்த உடைமையாகக் கொண்டு செல்லும் வழக்கம் வாஷிங்டன் காலந்தொட்டு இருந்து வந்தது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி துறந்தார். அடுத்த மாதமே, அவருடைய உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களைப் பின்னாளில் அழித்துவிடவும் இடந்தரும் உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அவற்றை அரசின் காவலுக்குள் கொணர்ந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லுமென்றது. 1978-இல் இயற்றிய மற்றொரு சட்டம், 1981 ஜனவரி 20 முதல் உண்டாகும் ஜனாதிபதியின் அலுவற் பதிவுகள் நாட்டுக்கே உரியன என்று விதித்தது. நம் நாட்டிலும் 1993-ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம், மத்திய அரசின் பதிவேடுகளை விதிக்கு மாறாக அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

ஜனாதிபதிக்குள்ள கடமை சங்கச் செயலாளருக்கு இல்லையா? நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், விலகிய செயலாளர் சாவிக்கொத்தை மட்டும் மேசைமேல் வைத்துச் சென்றிருந்தார். கூலிப் பட்டியலும் சேமிப்புப் பேரேடும் அவர் வீட்டில் இருந்தன. மகள் திருமணத்திற்காகத் தம் சேமிப்பைக் கேட்டு வந்த முதிய நெசவாளர் ஒருவர், பிடித்தம் எவ்வளவென்று காட்ட வழியின்றி மூன்று முறை வெறுங்கையுடன் திரும்பினார். தறியில் உழைத்தவர் அவர். அவ்வுழைப்பின் சான்றோ பிறர் வீட்டு அலமாரியில்! பயிர்க்கடன் பெறும் விவசாயிக்கும் இதுவே கதி. ரசீதின் அடிக்கட்டை காணாமற் போனால், தீர்ந்த கடனும் தீராக் கடனாகும்.

"என்மீது பழி வந்தால் காட்டுவதற்காகவே வைத்திருக்கிறேன்" என்பது விலகுவோர் கூறும் சமாதானம். அவ்வச்சம் பொருளற்றதன்று. பின்வந்தோர் பிழை முன்னிருந்தோர் தலையில் விழுவதை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு மருந்து மூல ஏட்டைப் பதுக்குவதன்று. ஒப்படைத்தமைக்குக் கையொப்பம் பெறுவதே. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடுகள், ரசீதுப் புத்தகங்கள், நூல் இருப்புப் பதிவேடு, கணினியின் கடவுச்சொல் ஆகியவற்றை வரிசையாகக் குறித்து, ஒவ்வோர் ஏட்டிலும் கடைசியாக எழுதிய பக்கத்தின் எண்ணையும் காட்டி, நிர்வாகக் குழுவினர் முன்னிலையில் இருவரும் கையொப்பமிடல் வேண்டும். அதன் பிரதியொன்று விலகுவோரிடம் இருக்கட்டும். அதுவே அவருக்குக் கேடயம்.

அங்கத்தினர்களே! நிர்வாகி மாறும்போது மாலையிட்டு வழியனுப்புகிறோம், அது நற்பண்பே. மாலையிடுமுன், "ஒப்படைப்புப் பட்டியல் எங்கே?" என்று ஒருவராவது எழுந்து கேட்பீராக. அவ்வாறு கேட்பது அவமதிப்பாகாது. நம் பணத்தின் கணக்கை நாமே கேளாதிருப்பதுதான் குற்றம்.