லேபிள் ஒட்டினால் மட்டும் போதுமா?

எங்கள் பகுதியில் தனியாகவும் உடல் தளர்ந்தும் இருக்கும் தமிழ் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவதை அன்பர்கள் சிலர் வழக்கமாக வைத்திருக்கிறோம். மருந்து இருக்கிறதா, பென்ஷன் வந்ததா, கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டுமா என்று போனவர் இரண்டு வரி எழுதி அனுப்புவார். இப்படியே ஆயிரத்துக்கு மேல் குறிப்புகள் சேர்ந்துவிட்டன. நண்பர் ஒருவரின் மகன், கம்ப்யூட்டர் படித்தவன், இந்தக் குறிப்புகளுக்கு லேபிள் ஒட்டித் தரும் மென்பொருள் ஒன்றைச் சென்ற ஆண்டு செய்து கொடுத்தான். ஒட்டுவது மனிதரல்ல, செயற்கை அறிவு ‘ஏஜெண்ட்’. (எல்.ஐ.சி. ஏஜெண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்கும் நிரலுக்கு இப்போது அந்தப் பெயர்.)

‘மருந்து’, ‘பென்ஷன்’, ‘அவசரம்’, ‘ஊர்’ என்று பன்னிரண்டு ஒற்றைச் சொற்களை அதற்குக் கொடுத்திருந்தான். எது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. கேட்டதற்கு, “அதெல்லாம் அதுவே புரிஞ்சுக்கும் அங்கிள்” என்றான்.

நம் வீடுகளில் ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால் ஒரு பொருள், ‘ஊரோடு போய்விட்டார்’ என்றால் வேறு பொருள். முதலாமவர் லீவு முடிந்ததும் ரயிலேறித் திரும்பி வருவார். இரண்டாமவர் வீட்டையே காலி செய்துவிட்டுப் போனவர். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடுவதில்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவரைப் பற்றி ‘மகன் ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று ஒரு குறிப்பு வந்தது. ஏஜெண்ட் ‘ஊர்’ என்று ஒட்டியது. ‘ஊர்’ என்று விழுந்தவர்களின் பெயர் வாரப் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும்படி ஏற்பாடு. மகன் இல்லாத அந்த மூன்று வாரம்தான் பாட்டிக்கு ஆள் வேண்டும். அந்த மூன்று வாரமும் ஒருவரும் போகவில்லை. சர்க்கரை மாத்திரை தீர்ந்து போனதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டி எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

யந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம், சிலர் போட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புதிதாக வரும் தொண்டருக்குச் சந்தேகம் வந்தால் பெரும்பாலும் நம்மைக் கேட்பார். ஏஜெண்டையும் ‘சந்தேகமானால் கேள்’ என்று எழுதி வைத்துப் பழக்கலாம். எழுதாவிட்டால் அது பெரும்பாலும் ஊகித்து ஒட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுகிறது. ஊகித்தது எது, தெரிந்து ஒட்டியது எது என்று லேபிளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மிக்ஸியோடு வரும் கையேட்டை நாம் யாரும் படிப்பதில்லை. மிக்ஸி அரைக்கத்தான் செய்கிறது. இங்கே அப்படியில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அது என்ன செய்யும் என்ற விளக்கமும், அதற்கு என்னென்ன விவரம் தரவேண்டும் என்ற குறிப்பும் இருக்கின்றன. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்று ஏஜெண்ட் தீர்மானிப்பது அந்த விளக்கத்தைப் படித்துத்தான். அதாவது, கையேடு யந்திரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் காகிதமாக இல்லாமல் யந்திரத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது.

மத்திய சர்க்காரில் முப்பது வருஷம் கோப்பு தூக்கிய எனக்கு இது புது விஷயமாகத் தோன்றவில்லை. தலைமைச் செயலக அலுவலக நடைமுறைக் கையேட்டைப் புரட்டியவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அவசரத்தைக் காட்ட அது அனுமதித்தவை ‘இமீடியட்’, ‘பிரயாரிட்டி’ என்ற இரண்டே லேபிள்கள். உடனே கவனிக்க வேண்டியவற்றுக்கு மட்டும் முதலாவது. மற்றவற்றில் முந்திக்கொள்ள வேண்டியதற்கு இரண்டாவது. கோப்பு நகர நகர அந்த அவசரம் இன்னும் பொருந்துகிறதா என்று பார்த்து மாற்றவும் அதில் விதி உண்டு. (எல்லாக் கோப்பிலும் ‘இமீடியட்’ தொங்கிய பிரிவுகளையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.)

ஆகவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினோம். ஒரு லேபிள் எதற்கு என்று சொன்னால் போதாது. பார்க்க அதுபோல் இருந்தும் எதற்குக் கூடாது என்பதையும் உதாரணத்தோடு சொல்ல வேண்டும். ‘ஊர்’ இரண்டாகப் பிரிந்தது: ‘ஊருக்கு, திரும்புவார்’, ‘ஊரோடு போனவர்’. போனது முதியவரா, அவரைப் பார்த்துக்கொள்பவரா என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ‘தெரியவில்லை’ என்று ஒரு லேபிள் புதிதாகச் சேர்ந்தது. அது ஒட்டிய குறிப்பை மனிதர்தான் பார்க்க வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் அதிகாரத்தை ஏஜெண்டிடமிருந்து வாங்கிவிட்டோம். நான் வளவளவென்று எழுதியதைப் பையன் பாதியாக வெட்டினான். நீளம் கூடினால் அதுவும் முக்கியமானதைக் கோட்டை விடுமாம்.

நிரல் எழுத அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. இந்த ஒன்றரைப் பக்கத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. காரணம், விஷயம் அவனிடம் இல்லை, வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்வந்த இரண்டு அக்காக்களின் தலைக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் காரியம் என்று சொல்லி அவர்களை யாரும் கூப்பிடவேயில்லை. வேறு பகுதிகளிலும் இளைஞர்கள் இதுபோன்ற கருவிகளைச் செய்துவருவதாகக் கேள்விப்படுகிறேன். நிரலைக் கேட்டு வாங்குவதற்கு முன் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எங்களிடம் ஒரு குறை மிச்சமிருக்கிறது. காலத்துக்குக் காலம் அதைத் திருத்துவது யார் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்குக் கீழே என் பெயரும் தேதியும்தான் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் அந்த அக்காக்களில் ஒருவர் பெயரை முன்மொழிய இருக்கிறேன்.