கலையா, குற்றமா?

அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் வாசலில் பாசிமணி விற்ற நரிக்குறவர் பெரியவர் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கப்பா கையாலயே துப்பாக்கி செய்வாரு சாமி. குழாயப் பொருத்தி, கட்டை செதுக்கி, வாய்வழியா மருந்தும் ரவையும் இடிச்சு... இப்ப சொல்லவே பயமா இருக்கு."

ஹட்சன் விரிகுடா கம்பெனி வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த துப்பாக்கியை இன்று அங்கே கையால் மறுபடி செய்கிறார்கள். அதற்குப் பெயர் கலை. இங்கே? 1878இல் வெள்ளையன் ஆயுதச் சட்டம் போட்டான். 1959இல் நம்மவர்கள் போட்டார்கள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வேட்டையையும் மூடியது.

2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பேங்கில் கடன் பாரம் நிரப்புகிறேன். 'தெரிந்த தொழில்' என்ற இடத்தில் பாசிமணி என்றுதான் எழுத முடிகிறது.

துப்பாக்கி கொடு என்று கேட்கவில்லை, தோழர்களே. போலீஸ் ஏட்டில் மட்டும் இருக்கிற அந்தக் கையறிவை நாம் எழுதிவைப்போம்.