பாடிப் போறவன் பேர் மட்டும் போதுமா?

நம் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பாடப் புத்தகம் தவிர மற்ற எல்லாம் பேச வரும். அப்படி ஒரு நாள் கிளம்பிய சண்டை, புரோ கபடியில் எல்லாரையும் விடப் பெரிய ஆட்டக்காரர் யார் என்பது. நண்பன் ஒருவன் செல்போனை நீட்டினான். பர்தீப் நர்வால், 1,800-க்கும் மேல் ரைடு புள்ளி. "கணக்கே இருக்கு, அப்புறம் என்னடா பேச்சு?" என்றான். எனக்குத்தான் பேச்சு முடியவில்லை. மீதியை இந்த மலரில் எழுதிவிடுகிறேன்.

பர்தீப்பைக் குறை சொல்ல நான் யார்? 2017 சீசனில் மட்டும் 26 ஆட்டத்தில் 369 ரைடு புள்ளி. நாலு பேர் கை கோத்து மறித்தாலும், கைக்கு அடியில் முழுகி நடுக்கோட்டில் போய் எழுந்திருப்பார். பாட்னா தொடர்ந்து மூன்று கோப்பை எடுத்தது அவர் இருந்தபோதுதான். ஆனால் ஒரு பிடி எப்படி விழுகிறது என்று பாருங்கள் நண்பர்களே! கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறான். ரைடர் அவனையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் பாய்கிறான். கவர் ஆள் குறுக்கே விழுந்து தோளால் மறிக்கிறான், இன்னும் ரெண்டு பேர் மேலே விழுகிறார்கள். நாலு உடம்புக்கு ஒரு புள்ளி, அதுவும் ஒரே ஒருத்தன் பேரில். பாடிப் போறவனோ ஒரே மூச்சில் மூணு புள்ளிகூட எடுத்து வரலாம். ரெண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது, மரக்காலில் அளந்ததையும் படியில் அளந்ததையும் ஒண்ணாக எண்ணுகிற கதைதான்.

என் கணக்கில் முதல் ஆள் ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலி. இடது கார்னர். 500 பிடிப்புள்ளி கடந்த முதல் ஆள் அவர், ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அவர் நிற்கும் பக்கம் காலை நீட்டவே பயந்து ரைடர் வெறுங்கையோடு திரும்புகிறானே, அதற்கு எந்தச் செல்போனில் புள்ளி இருக்கிறது? பாட்னாவின் அந்த மூணு கோப்பையில் ஒன்றில், 2016-இல், அவரும் பர்தீப்போடு ஆடினார். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஏழு தங்கமும் நமக்கே. 2018 ஜகார்த்தா அரையிறுதியில் அதை நிறுத்திய ஈரான் அணியில் அவர் இருந்தார். அன்னிக்கு வயிறு எரிந்தவன்தான் நானும்.

விலையை வைத்துப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன். 2022-இல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி, சீசன் முழுக்க வெளியே. அவர் இல்லாமலே அணி முதல் தடவையாக அரையிறுதிக்குப் போனது!

பட்டியலில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அது 2014-இல்தான் தொடங்குகிறது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர், 1995-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2025-இல் 'பைசன்' படம் வந்திராவிட்டால் எங்கள் ரூமில் பாதிப் பேருக்கு அவர் பேரே தெரிந்திருக்காது. அதே வருஷம் பஹ்ரைனில் தங்கம் வாங்கிய நம் மாவட்டத்து வடுவூர் அபினேஷுக்கு அந்தக் குறை வராது. இனி ஒவ்வொன்றும் பதிவாகும்.

இதில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. என் சித்தப்பா இடது கார்னர். தாளடி அறுத்த வயலில், நன்னிலம் சுத்துவட்டாரத்தில் அவர் ஆடாத ஊர் கிடையாது. வலது கை கட்டைவிரல் இன்னும் கோணல்தான். அவர் பிடித்துக் கொடுத்த ஆட்டத்தில் மைக்கில் சொன்னதெல்லாம் பாடிப் போனவர் பேரை. அந்த அண்ணனுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலையும் கிடைத்தது, நல்லா இருக்கட்டும். சித்தப்பாவிடம் காட்ட ஒரு எவர்சில்வர் குடம் இருக்கிறது, சர்டிபிகேட் இல்லை. இப்போது அறுப்பு மிஷின் பின்னால் மூட்டை பிடிக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். என் முதல் செமஸ்டர் பீஸ் அந்த மூட்டைக் கூலிதான்.

அவரிடமே கேட்டேன், யார் சித்தப்பா பெரிய ஆளுன்னு. கொஞ்ச நேரம் யோசித்து, "எவன் எதிர நின்னா நமக்குக் காலு கூசுதோ அவன்தான்டா" என்றார்.

ரெண்டாவது இடம் பர்தீப்புக்குத் தருகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் பத்து மணிக்கு மேல் ரூமுக்கு வரலாம். வரும்போது பழைய ஆட்டம் ஒன்றைப் போனில் ஏற்றி வாருங்கள். இந்தத் தடவை ரைடரைப் பார்க்காமல் கார்னரையே பார்ப்போம்.