நாலு விரக்கடை

வைகை எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லில் நிற்கும்போது கொய்யாக் கூடைகள் ஏறும். எந்த ஊர்த் தோப்பில் பறித்திருந்தாலும் ரயிலுக்குள் வந்துவிட்டால் அதற்கு ஆயக்குடி கொய்யா என்றுதான் பெயர். நாலு பழம் வாங்கினேன். பையிலிருந்து புதுக் கத்தியை எடுத்து விரித்தேன். விரித்த கையோடு தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் மடியிலிருந்த பிள்ளையைச் சன்னல் பக்கமாக நகர்த்திக்கொண்டாள். எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் தாளை இறக்கிக் கத்தியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் கத்தியைப் பார்த்தார். பழம் என்னவோ வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. ஒரு கீற்றை அந்தப் பிள்ளைக்கு நீட்டினேன். "வேணாங்க, சளி பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா. பிள்ளை மூக்கில் சளி எதுவும் இல்லை.

கத்தியின் பேரில் குற்றமில்லை. அளவுதான் தப்பு. அது பத்தாம் நம்பர் ஒப்பினெல். அலகு 10 செ.மீ., பிடி 13 செ.மீ. மடக்கி வைத்திருக்கும்போது சாதுவான மரக்கட்டை. விரித்தால் ஒரு சாணுக்கு மேல் வரும்.

பிரான்சின் சவோய் மலைப்பக்கத்தில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்த குடியானவர் கத்தி இது. மரப்பிடி, ஒரே ஓர் அலகு, ஓர் உலோக வளையம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 1897இல் அவர் இதை 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகளில் வரிசைப்படுத்தினார். சட்டைக்கு அளவு போடுவதுபோல கத்திக்கும் நம்பர். அந்த வரிசையில் இன்று ஒன்றும் இல்லை, பதினொன்றும் இல்லை. இரண்டையும் 1930களில் நிறுத்திவிட்டார்கள். ஒன்றாம் நம்பர், கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுகிற அளவுக்குச் சின்னது. புகைக்குழாயைச் சுரண்டத்தான் ஆகும். பதினொன்று, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே வேலையில்லாமல் நின்றது. நாற்பது வருஷம் விற்றுப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் எடுத்த முடிவு இது. நான் ஒரே நாளில் கடையில் நின்று, பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று பத்தை எடுத்துவிட்டேன். எட்டாம் நம்பர்தான் அதிகம் போகிறது என்று கடைக்காரர் சொன்னார். எல்லாரும் வாங்குவதையே நாமும் வாங்குவதா என்று ஒரு கொழுப்பு.

இத்தனைக்கும் சரியான அளவு எனக்குப் பத்து வயதிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

சோழவந்தான் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். மதுரைப் பக்கத்துப் பெரியவர்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அது பெல்ட் இல்லை, ஒரு நடமாடும் பீரோ. பணம், ரயில் டிக்கெட், பொடி மட்டை, யாரோ எழுதிக் கொடுத்த விலாசம் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு மடக்குக்கத்தியும் இருந்தது. கொம்புப் பிடி, ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. அகத்தியில் கொடியை இழுத்துக் கட்டுகிற நாரை அறுப்பார். பாக்கின் மேல்தோலைச் சுரண்டுவார். என் பென்சிலைச் சீவுவார். காலில் முள் குத்தினால் அதே கத்தியின் முனைதான். அப்போது மட்டும் தீக்குச்சி உரசி முனையைக் காட்டிக்கொள்வார்.

திருவிழாக் கடையில் பெரிய கத்தி ஒன்றைக் காட்டி வாங்கச் சொல்லி அடம்பிடித்தேன். தாத்தா தன் கத்தியை விரித்து, அலகின் மேல் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். சுண்டுவிரலோரம் முனை தெரிந்தும் தெரியாமல் நின்றது.

"நாலு வெரக்கட போதும்டா. அதுக்கு மேல போச்சுன்னா கத்தி வேல கேக்கும்."

விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம். முழம், சாண் போல அதுவும் உடம்போடு ஒட்டிய அளவு. நாலு விரலைச் சேர்த்து வைத்தால் என் கைக்கு ஏழரை, எட்டு செ.மீ. வருகிறது. தாத்தாவின் விரல்கள் தடிமன், எட்டுக்குக் குறையாது.

அவர் சொன்னதில் இருந்த கணக்கு எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. மடக்குக்கத்தி வாங்கும்போது எல்லாரும் அலகைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பிடியை. அலகு பிடிக்குள் போய்ப் படுக்க வேண்டும் என்பதால் பிடி எப்போதும் அலகை விடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நாலு விரலும் உட்கார்ந்து பிடிக்க ஒன்பது, பத்து செ.மீ. பிடி வேண்டும். அதற்குக் குறைந்தால் இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் கிள்ளித்தான் பிடிக்க முடியும். பழம் கெட்டியாக இருந்தால் கத்தி கைக்குள் புரண்டுவிடும். அதற்கு மிஞ்சினால் கூடுதல் நீளம் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நிற்கிறதே தவிர, கைக்கு ஒரு பலமும் தருவதில்லை. பத்து செ.மீ. பிடிக்குள் எட்டு செ.மீ. அலகு அடங்கும். ஏழாம் நம்பர் ஒப்பினெலுக்கு அதேதான் அளவு: பிடி 10, அலகு 8. சவோய்க்காரரும் சோழவந்தான்காரரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மனிதக் கை எங்கேயும் ஒன்றுதான்.

இதே அளவுக்குப் பிரிட்டிஷ் சட்டமும் வந்து சேர்ந்திருப்பது வேடிக்கை. அங்கே 1988ஆம் வருஷத்துக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியை யாரும் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம். மூன்று அங்குலம் என்றால் 7.62 செ.மீ.; ஏறக்குறைய என் நாலு விரக்கடை. லண்டனில் இருக்கும் சித்தி மகனுக்கு ஒரு சின்ன ஒப்பினெல் பரிசாக வாங்கிக்கொண்டு போனேன். ஆறாம் நம்பர், அலகு 7 செ.மீ.; சட்டத்துக்குள் அடங்கிய அளவு என்று எனக்குப் பெருமை. அவன் கத்தியின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இது லாக் ஆகுது. இத வெளிய கொண்டுபோக முடியாது." விரித்த அலகு மடங்கி விரலை வெட்டாமல் இருக்க 1955இல் சேர்த்த பூட்டு வளையம் அது. பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக்கத்திக் கணக்கில் சேராது என்று அங்கே நீதிமன்றம் 1990களில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விரலைக் காப்பாற்றும் பூட்டு ஆளை மாட்டிவிடுகிறது. பாவம், அந்தக் கத்தி இப்போது அவன் சமையலறையில் எலுமிச்சை வெட்டுகிறது.

நம் நாட்டில் ஆயுதச் சட்ட விதிகள் ரொம்பத் தாராளம். 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால்தான் அந்தப் பட்டியலுக்குள் வரும். அதிலும் வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிற நாட்டில் வேறு எப்படி எழுத முடியும்! ஆனால் ரயிலில் அந்தப் பெண் பிள்ளையை நகர்த்திக்கொண்டது எந்த விதியையும் பார்த்து இல்லை. கண்ணுக்கு ஒரு அளவு இருக்கிறது. பத்து செ.மீ. அலகு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

சரி, பெரிது வேண்டாம் என்று முடிவாகி, எதிர்த்திசையில் ஓடினேன். சாவிக்கொத்தில் தொங்கும் சுவிஸ் கத்தி, மடக்கினால் 58 மி.மீ. அலகு 4 செ.மீ.கூட வராது. கூரியர் பொட்டலம் பிரிக்க, நூல் அறுக்க, மாத்திரை அட்டையை வெட்ட அதற்கு மேல் தேவையில்லை. சின்னக் கத்தரிக்கோல் வேறு. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மாமரத்தடியில் நிற்கும்போதுதான் அதன் வறுமை தெரியும். ஒரு பங்கனபள்ளியின் கன்னத்தைக் கொட்டையோடு ஒட்டிச் சீவி எடுக்க அலகு பழத்தின் அகலத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும். நாலு செ.மீ. அலகு பழத்துக்குள்ளேயே முங்கிப்போய், பிடிக்குள் சாறு இறங்கி, அடுத்த நாள் சாவிக்கொத்தை எறும்பு மொய்த்தது. அந்தக் கத்தியை ஒரு விமான நிலையத்தில் தொலைத்தேன். சாவிக்கொத்து பழகிப்போய்விட்டதால் அதில் கத்தி இருப்பதே மறந்துவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் நின்ற இளைஞர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "சார், இதைக் கழற்றிடலாமா?" கழற்றிப் பெட்டியில் போட்டேன். அதற்குள் அதன் அண்ணன் தம்பிகள் நிறையக் கிடந்தன. ஐரோப்பிய விமான நிலையங்களில் 6 செ.மீ. வரை அலகு இருந்தால் கைப்பையில் விடுவார்கள் என்று அந்த நேரத்தில் அவரிடம் விளக்கவா முடியும்?

அந்த சுவிஸ் கத்தியின் பெரிய வடிவம்தான் எல்லாரும் அறிந்தது. கார்ல் எல்செனர் 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897இல் அதைவிட இலகுவான அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தார். ஒப்பினெல் நம்பர் வரிசை போட்ட அதே வருஷம். அந்த வம்சத்தில் இன்றும் பரவலாக விற்பது 91 மி.மீ. நீளம். அலகு சுமார் ஏழு செ.மீ. மறுபடியும் அதே நாலு விரக்கடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். என் வழக்கு இந்தக் கத்தியின் நீளத்தோடு இல்லை, பருமனோடு. ஒவ்வொரு கருவியாகச் சேர்க்கச் சேர்க்க அது பக்கவாட்டில் ஊதுகிறது. தக்கை திருகி, மீன் செதில் சுரண்டி, பூதக்கண்ணாடி என்று வாங்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைப் பையில் போட்டதே இல்லை; மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. இரண்டு அடுக்குக்கு மேல் வாங்காதீர்கள். பெட்டியில் கிடக்கும் கத்திக்கு அரிவாள்மனை எவ்வளவோ மேல்.

நாம் இதற்கு வைத்திருக்கும் பெயரைக் கொஞ்சம் கவனித்தால் அளவு அதிலேயே இருக்கிறது. பேனாக்கத்தி. இறகுப் பேனா எழுதிய காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்தது என்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர். இறகு போயும் பெயர் போகவில்லை. இங்கேயோ அந்தத் தேவை அதற்கும் முன்பே இருந்தது. எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகை உண்டு. மடக்கெழுத்தாணியின் பிடிக்குள் ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலை வாருகிற கத்தி, இரண்டும் மடங்கி உட்காரும். பிள்ளைகளுக்குச் சுவடி சொல்லிக்கொடுத்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தது அதைத்தான். பனையோலையின் அகலம் எவ்வளவோ, அந்த அலகுக்கு அவ்வளவுதான் வேலை.

இப்போது என்னிடம் இருப்பது ஏழாம் நம்பர். துருப்பிடிக்காத எஃகு அலகில் வாங்கியிருக்கலாம். சாணைக்கு நன்றாக வளைந்துகொடுக்கும் என்று கார்பன் எஃகை வாங்கினேன். மாங்காய் வெட்டிய முதல் நாளே அலகு நீலமும் கறுப்புமாகக் கறை பிடித்தது. அதைத் துருவென்று நினைத்துத் தேய்க்க வேண்டியதில்லை. வெட்டிய உடன் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஐப்பசி மழையில் வேறொரு கூத்து. பீச் மரப்பிடி ஈரத்தைக் குடித்து உப்பி, அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். இதற்குச் சவோய்க்காரர்களிடமே ஒரு வைத்தியம் இருக்கிறது: வளையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடியின் பின்முனையை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாக எட்டிப் பார்க்கும். அலுவலகத்தில் இப்படித் தட்டியபோது யாரையோ கூப்பிடுகிறேன் என்று டீக்கடைப் பையன் வந்து நின்றான்.

போன மாதம் மறுபடி வைகை. மதுரையில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு வயதான அம்மா மடியில் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். மல்லிகைச் சரம், ஈரத்தோடு. பெட்டியில் இருந்த பெண்களுக்கெல்லாம் பங்கு வைப்பது என்று தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. முழங்கையில் அளந்தவர் நாரைப் பல்லால் கடிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தம்பி, கத்தி கித்தி இருக்கா?"

விரித்து, கையில் கொடுக்காமல் இருக்கை மேல் வைத்தேன். தாத்தா அப்படித்தான் கொடுப்பார். கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்பார். அந்த அம்மாவும் அது தெரிந்தவர் போல எடுத்துக்கொண்டார். முழம் முழமாக ஏழு துண்டு. பிள்ளை வைத்திருந்த ஒரு பெண், கத்திக்குப் பக்கத்திலேயே கையை நீட்டிப் பூ வாங்கினாள். எல்லாம் முடிந்ததும் சேலைத் தலைப்பில் அலகைத் துடைத்து, மடக்கி, இருக்கை மேலேயே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் ஒண்ணு வச்சிருந்தாரு" என்றார். "இம்புட்டுப் பெருசு இல்ல."