சாவியைக் கொடுத்தது யார்?



லீவு விட்டாச்சு. இனி அஸருக்குப் பிறகு கடற்கரை வீதியிலும் மெயின் ரோட்டிலும் பைக் ஓடப் போவது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தரம் 10, தரம் 11 பிள்ளைகள். ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரை வீட்டில் இருக்கின்ற பிள்ளைகள். ஒரு பைக்கில் மூன்று பேர். ஹெல்மட் இருந்தால் அது முழங்கையில் தொங்கும்.

நாங்கள் ஆசிரியர்கள். இந்தப் பதிவு பிள்ளைகளைத் திட்டுவதற்கு அல்ல. அவர்களுக்கு வகுப்பில் போதிய அளவு கிடைக்கிறது. இது சாவியைக் கொடுக்கின்ற வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும், பொலிஸில் பிடிபட்டால் மீட்டுவரப் போகின்ற ஊர்ப் பெரியவர்களுக்கும் உரியது. கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சட்டம். இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட 18 வயது வேண்டும். அதற்கு மேல் வைத்தியச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ட்ரயல் எல்லாம் இருக்கின்றன. ஓ.எல். எழுதும் பிள்ளைக்கு 16 வயது. லைசன் இல்லாமல் ஓடினால் தண்டப்பணம் குறைந்தது 25,000 ரூபா. லைசன் இல்லாதவரை ஓட விடுவதும் குற்றம். அதாவது சட்டத்தின் கண்ணில் மகன் மட்டும் குற்றவாளி அல்ல, சாவி கொடுத்த வாப்பாவும்தான். விபத்து நடந்தால், உடைந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் காசு கேட்டுப் போகவும் வழியில்லை.

இதைச் சொன்னால் எங்களுக்குக் கிடைக்கும் பதில்கள் நாலைந்துதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எங்கட மகன் நல்லா ஓடுவான் சேர். பன்னிரண்டு வயசிலயே பழகிட்டான்.” பைக்கை நிமிர்த்திப் பிடிப்பதும் கியர் மாற்றுவதும் ஒரு கிழமையில் வரும். வீதியில் அடுத்தவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே கணிப்பது ஒரு கிழமையில் வராது. ஆபத்தை நிதானமாக எடைபோடும் மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபது வயது தாண்டிவிடும். பின்னால் கூட்டாளி ஒருவன் இருந்தால் இந்த வயதுப் பிள்ளை இன்னும் துணிவான். வகுப்பில் ஒவ்வொரு நாளும் நாங்கள் பார்ப்பதும் அதைத்தான். தனியே இருக்கும்போது தங்கமான பிள்ளை, நாலு பேர் சேர்ந்தால் வேறு பிள்ளை.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது பிள்ளைகளுக்கு மெதுவான வேகம். அந்த வேகத்தில் பைக் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகும். குறுக்கே மாடு நிற்பதைக் கண்டு, மூளைக்கு விளங்கி, பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை செக்கன் எடுத்தால் 25 மீற்றர் முடிந்துவிட்டது. நல்ல காய்ந்த தாரிலேயே நிற்பதற்கு இன்னும் 20 மீற்றர் வேண்டும். எங்கள் வீதிகளில் கடல் மணல் கிடக்கும். இரவில் மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். பைக்கில் மூன்று பேர். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

“டியூஷனுக்கு எப்படிப் போறது?” சைக்கிளில் போகலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை மெயின் ரோட்டில் ஊருக்கு ஊர் டியூஷன் வகுப்பு இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வகுப்பு இரண்டு கிலோமீற்றருக்குள். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிகிறது என்றால், வகுப்பை மஃரிபுக்கு முன் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். காசு கட்டுவது நீங்கள். ஸ்கூட்டியில் மகளை அனுப்புபவர்களுக்கும் இதே பேச்சுத்தான். அபாயா சில்லில் சிக்கினால் பிரேக் பிடிக்கவும் நேரம் இருக்காது.

“பள்ளிக்குத்தானே போறான், ஹெல்மட் என்னத்துக்கு?” வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எங்கள் ஊர்களில் எத்தனை தலையில் ஹெல்மட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தொப்பி கசங்குமாம். முறையாகப் போட்ட ஹெல்மட் தலைக் காயத்தைச் சுமார் 70 வீதம் குறைக்கிறது. பள்ளிக்குப் போகும் பாதையில் தார் மெதுவாக இருப்பதில்லை.

“எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்.” இதற்குத்தான் எங்களுக்கு அதிகம் கோபம் வருகிறது. களா கத்ரை நம்புவது ஈமான். அதை அலட்சியத்துக்குப் போர்வையாக்குவது ஈமான் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. நாடாமல், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவனுக்கும் பொறுப்பு உண்டு என்று சூரா அன்னிஸாவின் 92ஆம் வசனம் சொல்கிறது. நட்டஈடு இருக்கிறது. பரிகாரம் இருக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவனுக்கு இரண்டு மாதம் தொடர் நோன்பு இருக்கிறது. வாகன விபத்துக்கும் உலமாக்கள் இதைப் பொருத்திப் பேசுகிறார்கள். உங்கள் மகன் விழுந்தால் என்று மட்டுமே யோசிக்கிறீர்கள். சுபஹ் தொழுதுவிட்டு ஓரமாக நடந்துவரும் ஒரு வயதானவரை அவன் மோதினால்? பாலிகான பிள்ளை அவன். அந்தப் பாரத்தை 16 வயதில் அவன் தலையில் ஏற்றுவதற்கா பைக் வாங்கிக் கொடுத்தீர்கள்?

“பொலிஸ் வேணுமெண்டே எங்கட ஊரைத்தான் பிடிக்கிறான்.” இருக்கலாம். அநியாயம் நடந்தால் எதிர்த்துக் கேட்க வேண்டும், நாங்களும் கூட வருவோம். ஆனால் லைசன் இல்லாத 15 வயதுப் பிள்ளையைப் பிடித்தது அநியாயம் இல்லை. அந்தப் பிள்ளைக்காக ஒரு மெம்பர், ஒரு டிரஸ்டி, ஒரு ஹாஜியார் என்று மூன்று பேர் ஸ்டேஷனுக்குப் போய் பைக்கை எடுத்துவருகிறார்களே, அதுதான் அநியாயம். அந்தப் பிள்ளை அன்றைக்குப் படிக்கும் பாடம் ஒன்றுதான்: ஆள் இருந்தால் சட்டம் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் எந்த ஆசிரியராலும் அந்தப் பாடத்தை அழிக்க முடியாது.

உலகம் முழுவதும் 5 வயது முதல் 29 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புற்றுநோயும் இல்லை, காய்ச்சலும் இல்லை. டெங்கு என்றால் சிரமதானம் வைத்து வடிகான் துப்புரவாக்குகின்ற ஊர், பைக் விபத்து என்றால் முகநூலில் இன்னாலில்லாஹி போட்டு, பிள்ளையின் படத்தைப் பகிர்ந்து, மூன்றாம் நாள் மறந்துவிடுகிறது.

இந்த லீவுக்கு நாங்கள் கேட்பது மூன்றே விடயம்.

ஒன்று, 18 வயதாகி லைசன் எடுக்கும் வரை சாவி பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. ஒன்பது ஏ எடுத்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து வாப்பா காசு அனுப்பினாலும் சரி. பரிசு கொடுக்க ஆசையென்றால் நல்ல சைக்கிள் கொடுங்கள்.

இரண்டு, பள்ளி நிர்வாகங்கள் ஒன்றுகூடி, லைசன் இல்லாமல் பிடிபட்ட எந்தப் பிள்ளைக்காகவும் யாரும் ஸ்டேஷனுக்குப் பேசப் போவதில்லை என்று முடிவெடுத்து அதை ஜும்ஆவில் அறிவியுங்கள். டிரஸ்டியின் மகனுக்கும் அதே முடிவு.

மூன்று, வாப்பாமாரே, நீங்கள் முதலில் ஹெல்மட் போடுங்கள், பள்ளிக்குப் போகும்போதும். பிள்ளை உங்கள் வாயைக் கேட்பதில்லை, உங்கள் தலையைத்தான் பார்க்கிறது.

சாவி தராவிட்டால் பிள்ளை இரண்டு நாள் கோபிக்கும், சாப்பிடாமல் கிடக்கும், கதவை அடித்துச் சாத்தும். சாத்தட்டும். கதவைச் சாத்துவதற்குப் பிள்ளை வீட்டில் இருக்கிறதே, அதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.